குப்பைக்குப் போன முப்பத்து நாலு கடிதங்கள்

மானகிரி,
மாசி 28

மரியாதைக்குரிய சகலை அண்ணன் திரு. முத்தரசு அவர்களின் சமூகத்துக்கு,

சேவுகன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் அன்னக்கிளியும் சுகம். மீனம்மாள் ஆச்சியும் ஆச்சியின் பலகாரக் கம்பெனியும் சுகம். தை மாதம் நீங்கள் வந்து வைத்துவிட்டுப் போன மெயில் ஃபில்டரும் பரம சுகம். அதற்கு ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் எனக்குத்தான். அங்கே சென்னையில் உங்களுக்கும் பொன்னழகு மதினிக்கும் குன்றக்குடி முருகன் துணை இருக்க வேண்டும்.

போனை எடுத்தால் பேசிவிடலாமே, எதற்காகத் தபால் என்று நீங்கள் நினைப்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டதும் நான் வழக்கம்போல, "அங்குட்டு வெயில் எப்படிண்ணே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். மெயிலில் எழுதலாம் என்றால், அதற்கு நீங்கள் போடும் பதில் எனக்கு வந்து சேருமா என்பதில் எனக்கே இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பாதியில் கிழித்துப் போடாமல் முழுக்க வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஓர் உண்மையை எழுதிவிடுகிறேன். இருபத்தாறு வருடமாக எனக்கு உங்கள் மேல் பொறாமை. ஒரே மாமனாருக்கு இரண்டு மருமகன்கள் வாய்த்தால் ஒருவர் உதாரணமாகவும் மற்றவர் அந்த உதாரணத்தைக் கேட்டுக்கொள்பவராகவும்தான் இருக்க முடியும். நீங்கள் உதாரணம். நான் ஃபிரிட்ஜ் வாங்கினால், அத்தான் வீட்டில் இரண்டு கதவு வைத்தது என்பாள் அன்னக்கிளி. நான் மகாபலிபுரம் கூட்டிப் போனால், அத்தான் அக்காவைக் காசிக்குக் கூட்டிப் போன கதை வரும். போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து நூற்றியொன்று காட்டியது. நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டே, "இது என்னங்க, அத்தானுக்கு வந்தப்ப நூத்தி நாலு வரைக்கும் போச்சாம்" என்றாள். காய்ச்சலில்கூட நான் இரண்டாவது.

இப்படி இருந்தவனுக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிம்மதி இருந்தது. அது ஆச்சியின் கம்பெனி. அங்கே உங்களை யாருக்கும் தெரியாது. பதினெட்டு வருடமாக அங்கே அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கம்பெனிக்கென்று தனியாக மெயில் சர்வர் வைத்ததும் நான்தான், பதினோரு வருடம் ஆகிறது. வெல்லப்பாகு காய்ச்சும் அறைக்கு அடுத்த அறையில் அந்தப் பெட்டி இருக்கிறது. சுற்றிலும் எறும்புப் பொடி தூவி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் இருநூறு குப்பை மெயில் வரும். குண்டு உடம்பைக் குறைக்கிறேன் என்பான், வழுக்கையை மறைக்கிறேன் என்பான், தெரியாத தேசத்தில் தெரியாத பெரியப்பா செத்துப்போனார், சொத்து உனக்கு என்பான். அதற்கு நடுவே பதினைந்து நல்ல மெயில் இருக்கும். அதை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்து, அச்செடுத்து ஆச்சி மேசையில் வைப்பேன். "அரிசியில கல்லுப் பொறுக்குற மாதிரி எங்க சேவுகன் பொறுக்கித் தந்துருவான்" என்று ஆச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அண்ணே நான் பதினோரு வருடம் குடியிருந்தேன்.

அங்கே நீங்கள் வந்தீர்கள். காணும் பொங்கலன்று, மதினிக்குச் சீப்புச்சீடை வாங்க. நீங்கள் இருந்து நடத்தியதுதான், ஆனாலும் என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் குனிந்து உட்கார்ந்து அன்றைய குப்பையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த நீங்கள், பலகாரம் கட்டும் பெண்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்:

"என்ன சகலை, இந்தக் காலத்துல இன்னும் கையாலயா பொறுக்கிக்கிட்டு இருக்கீக?"

ஆச்சி தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். "வேற எப்படித் தம்பி பொறுக்குறது?"

"அதுக்கு ஃபில்டர் இருக்கு ஆச்சி. எது நல்லது, எது குப்பைன்னு நாம காட்டிக் குடுத்தாப் போதும். பாத்துப் பாத்து அதுவே படிச்சுக்கிடும்."

"நம்ம மாவுச் சல்லடை மாதிரியா?"

"சல்லடையில ஓட்டை எப்பவும் ஒரே அளவுதான் ஆச்சி. இது ஆளைப் பாத்து ஓட்டையைத் தானே மாத்திக்கிடும்."

ஆச்சி வாயைப் பிளந்துவிட்டார்கள். நீங்கள் என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. நான் சுவரோரம் நின்றுகொண்டு, விரல் எங்கேயாவது தப்பாகப் படாதா என்று பார்த்தேன், படவில்லை. நாலு மணிக்கு ஆச்சி உங்களுக்கு வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்தார்கள். எனக்குப் பதினெட்டு வருடமாக எவர்சில்வர். அன்றும் எவர்சில்வர்தான், அதுவும் ஆறிப்போய் வந்தது.

போகும்போது பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள், அதை நான் மறைக்கவில்லை. "சகலை, இதுல 'நல்லது'ன்னு ஒரு பெட்டி, 'குப்பை'ன்னு ஒரு பெட்டி. அதுல இருநூறு, இதுல இருநூறு காட்டுற வரைக்கும் இது வாயைத் தொறக்காது. அதுக்கப்புறம் வார மெயிலுக்கெல்லாம் மார்க் போடும். அஞ்சு மார்க்கைத் தாண்டுனா குப்பைக்குத் தள்ளிடும். ஒண்ணு மட்டும் மறந்துடாதீக, வாரத்துல ஒரு நாளாச்சும் குப்பையைத் தொறந்து பாருங்க. நல்லது ஏதாச்சும் உள்ள கெடக்கும்." நான் படித்த பள்ளிக்கூடத்தில் மார்க் அதிகம் வாங்கினால் முன்பெஞ்சு. இங்கே குப்பை. உங்கள் கையிலிருந்து வருவதெல்லாம் எனக்குத் தலைகீழாகத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் எனக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. "அத்தான் ஒரே மத்தியானத்துல முடிச்சுட்டாகளாம்ல? அப்ப பதினோரு வருசமா நீங்க என்னதான் செஞ்சுக்கிட்டு இருந்தீக?" என்று அன்னக்கிளி கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சாம்பாரைத் தாளிக்கப் போய்விட்டாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சரி, பாடம் சொல்லிக்கொடுத்தேன். பழைய மெயில்களையும் சேர்த்துக் காட்டியதில் நாலே நாளில் இருநூறும் இருநூறும் ஆயிற்று. ஃபில்டர் வாயைத் திறந்தது. செத்துப்போன பெரியப்பாக்களையெல்லாம் ஒரே காலையில் பிடித்து உள்ளே போட்டது. எனக்கு வேலை இல்லை. ஆச்சி பலகாரக் கூடத்துக்கே போய், "அது சொன்னதைக் கப்புன்னு புடிச்சுக்கிடுதுடி!" என்று சொன்னார்கள். ஒருநாள் அது கேஸ் ஏஜென்சி அனுப்பிய நல்ல மெயிலைக் குப்பையில் போட்டுவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஓடிப்போய் ஆச்சியிடம் காட்டினேன். ஆச்சி சிரித்தார்கள். "பச்சைப்புள்ளடா அது. போகப் போகப் படிச்சுக்கிடும்." எட்டு வருடத்துக்கு முன்னால் நான் ஒரே ஒரு தடவை, கோயம்புத்தூருக்குப் போக வேண்டிய மனகோலப் பலகாரத்தைக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டேன். அதை இன்றைக்கும் கம்பெனியில் சொல்லிச் சிரிக்கிறார்கள். என்னைப் பச்சைப்பிள்ளை என்று யார் சொன்னது?

இதுவாவது பரவாயில்லை. நீங்கள் தினமும் மெயில் எழுத ஆரம்பித்தீர்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. காலை பத்து மணி அடித்தால் உங்கள் மெயில் வந்துவிடும். ஆச்சிக்கு ஒன்று, எனக்கு நகல். "அன்பும் அறுசுவையும் நிறைந்த ஆச்சி அவர்களுக்கு வணக்கம். நலம், நலமே விழைகிறேன். தங்கள் சீப்புச்சீடையின் மணம் சென்னை வரை வீசுகிறது. நம் ஃபில்டர் இன்று எத்தனை பிடித்தது?" என்று எழுதுவீர்கள். ஆச்சிக்குக் கண்ணாடி போட்டால் தலைவலி. அதனால் அந்த மெயிலை நான்தான் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். உங்கள் பெருமையை என் வாயால், அதுவும் தினம் தினம். தை பன்னிரண்டாம் தேதி வந்ததை வாசிக்கும்போது கடைசி வரியில் இப்படி இருந்தது: "சகலை சேவுகனுக்கு இதெல்லாம் பழகக் கொஞ்ச நாளாகும். ஆச்சி அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்." வாசித்து முடித்த பிறகுதான் எனக்கே அர்த்தம் புரிந்தது. பலகாரம் கட்டும் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

ஆச்சி சாப்பிடப் போனதும் நான் உங்கள் மெயிலைப் பிடித்து இழுத்துக் குப்பைப் பெட்டியில் போட்டேன்.

அண்ணே, பொய் சொல்ல மாட்டேன், வயிற்றில் இளநீர் இறங்கியது போல இருந்தது. மறுநாளும் போட்டேன். ஆனால் ஃபில்டர் லேசில் மசியவில்லை. ஏற்கெனவே நான் காட்டிய நல்லதில் உங்கள் மெயில்களும் இருந்தன அல்லவா, அது உங்களை நல்லவர் என்றே பிடிவாதமாக நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு பெட்டிக்கு இருக்கிற விசுவாசம்! எனக்கு ரோசம் வந்துவிட்டது. பழைய மெயில்களைத் தோண்டினேன். பதினோரு வருடமாக நீங்கள் எனக்கு அனுப்பிய பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, சித்திரை வாழ்த்து, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இதுவும் குப்பை, இதுவும் குப்பை என்று பாடம் நடத்தினேன். மாமனார் காலமானபோது நீங்கள் எழுதிய ஆறுதல் கடிதமும் அதில் போய்விட்டது. அதைப் பார்த்துக் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அதையும் தள்ளிவிட்டேன்.

அதன் பிறகு உங்கள் மெயில் வரவில்லை. பத்து மணி அடிக்கும், அறை அமைதியாக இருக்கும். நான் தேன்குழலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வாரம் கழித்து ஆச்சி கேட்டார்கள்:

"முத்தரசுத் தம்பி ஏன்டா எழுதுறதே இல்லை?"

"சென்னைக்காரவுக அப்படித்தான் ஆச்சி. வேலை முடிஞ்சா மறந்துருவாக."

"அப்படியா? பாத்தா அப்படித் தெரியலையே." ஆச்சி முகம் வாடிவிட்டது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது. இந்தப் பாவத்துக்கு நான் எந்தக் கோயிலில் முழுக்குப் போடுவேன்?

குப்பைப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னீர்கள், நான் திறக்கவே இல்லை. திறந்தால் உங்கள் பெயரைப் பார்க்க வேண்டும். மாசி பிறந்தது. முகூர்த்த மாதம். பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர் எல்லாம் சீர்ப்பலகாரத்துக்கு எழுதும் மாதம். ஒருவரும் எழுதவில்லை. இரண்டே சொல்லில் எழுதுகிற உள்ளூர்க் கடைக்காரர்களும், ஆங்கிலத்தில் எழுதுகிற ஹோட்டல்காரர்களும் மட்டும் கேட்டிருந்தார்கள். "என்னடா, மலேசியாக்காரவுக ஒருத்தரையும் காணோம்?" என்று ஆச்சி கேட்டபோது, "அங்குட்டெல்லாம் இப்பக் கல்யாணத்துக்குக் கேக்கு வெட்டுறதுதான் ஆச்சி" என்று சொன்னேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. கொஞ்சம் வந்தது. அதைக் கிளறினால் எங்கே போய் முடியும் என்று தெரிந்ததால் கிளறவில்லை.

மாசி இருபத்தொன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பினாங்கு காசிவிஸ்வநாதன் செட்டியாரும் அவர் வீட்டு ஆச்சியும் இறங்கினார்கள். இருபது வருடத்து வாடிக்கை. அவர்கள் மகளுக்கு இளையாத்தங்குடியில் பூர்வீக வீட்டில் கல்யாணம், மூன்றே நாளில். செட்டியார் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"சீர்ப்பலகாரம் எல்லாம் தயாரா ஆச்சி?"

"எந்தச் சீருக்கு?" என்றார்கள் நம் ஆச்சி.

"எங்க மக கல்யாணத்துக்குத்தான். மூணு மெயில் போட்டேனே. நீங்க பதில் போடலை, சரி, சீசன் வேலை, ஆச்சி செய்யாம இருக்க மாட்டாகன்னு இவதான் சொன்னா."

அந்த அம்மாள் கையில் பத்திரிகைத் தட்டு இருந்தது. அதை நீட்டவும் முடியாமல் மடியில் வைக்கவும் முடியாமல் அப்படியே நின்றார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணே, நான் செய்தது என்ன என்று எனக்கு உறைத்தது.

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்கள். "அந்தக் குப்பையைத் தொற." திறந்தேன். திரை முழுக்க உங்கள் பெயர். முத்தரசு, முத்தரசு, முத்தரசு. நடுநடுவே பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர். ஒன்று விடாமல் எல்லாம் "அன்புமிக்க ஆச்சி அவர்களுக்கு வணக்கம், நலம், நலமே விழைகிறோம்" என்று ஆரம்பித்தவை. சீப்புச்சீடையைப் பாராட்டியவை. உங்கள் மெயில் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தவை. உங்களைக் குப்பை என்று சொல்லிக்கொடுத்தேன், அது தமிழில் மரியாதையாக எழுதுகிறவர்கள் எல்லாருமே குப்பை என்று படித்துக்கொண்டது. செட்டியாரின் மூன்று மெயிலுக்கும் ஒன்பது மார்க்குக்கு மேல்.

"இது என்னடா, முத்தரசுத் தம்பி எழுதலைன்னு சொன்னே?"

"மிஷின் தப்புப் பண்ணிருச்சு ஆச்சி."

"மிஷினுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

ஆச்சி கண்ணாடியைக் கழற்றி மடித்தார்கள். "நாம என்ன காட்டுறமோ அதைத்தான் படிக்கும்னு அந்தத் தம்பி இங்குன உக்காந்துதான சொல்லிட்டுப் போச்சு" என்றார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே அடுப்பு எல்லாவற்றையும் மூட்டினோம். ஆச்சியே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாவுக்கு உட்கார்ந்தார்கள். எனக்குத் தேன்குழல் பிழியும் வேலை. மூன்று நாள் பிழிந்தேன், உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டது. இந்தக் கடிதத்தில் எழுத்து கோணியிருப்பது அதனால்தான். சீர்ப்பலகாரம் ஒன்றும் குறையாமல் நேரத்துக்கு இளையாத்தங்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. செட்டியார் வீட்டு ஆச்சி பந்தலில் என்னைப் பார்த்து, "நல்லா வந்துருக்கு" என்று ஒரே வார்த்தை சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கல்யாணம் முடிந்த மறுநாள் ஆச்சி தண்டனையைச் சொன்னார்கள். "நீ குப்பைன்னு காட்டுனதை எல்லாம் ஒவ்வொண்ணாத் தொறந்து வாசி. வாசிச்சுட்டு, இது நல்லதுன்னு அதுக்குச் சொல்லு. வாசிக்காமத் தள்ளுனா எனக்குத் தெரியும்." ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதிய பிறகு உங்கள் கடிதங்களுக்கு வந்தேன். பழைய வாழ்த்துகளை விட்டால், முப்பத்து நாலு.

வாசித்தேன். தை இருபதாம் தேதி எழுதியதில், "இந்தக் கம்பெனியின் ஃபில்டர் உண்மையில் சேவுகன்தான், நான் வைத்தது அவருக்கு ஒரு கைத்தடி" என்று ஆச்சிக்கு எழுதியிருக்கிறீர்கள். இருபத்தைந்தாம் தேதி எழுதியதில், எனக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கித் தரச் சொல்லியிருக்கிறீர்கள், முதுகு வளைந்து உட்காருகிறேன் என்று. அதைக் குப்பையில் வைத்துக்கொண்டு அதே முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தேன் நான்.

பிறகு மாசி இரண்டாம் தேதிக் கடிதம். அது ஆச்சிக்கு இல்லை, எனக்கு மட்டும் எழுதியது. தீபாவளிக்கு முன்னாலேயே உங்கள் கம்பெனியில் முந்நூறு பேரோடு உங்களையும் நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மதினிக்குத் தெரியாது, தினமும் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு நூலகத்தில் போய் உட்காருகிறேன் என்றும், பத்து மணிக்கு ஆச்சிக்கு மெயில் எழுதுவதுதான் இப்போது எனக்கு இருக்கிற ஒரே ஆபீஸ் வேலை என்றும் எழுதியிருந்தீர்கள். "இருபத்திரண்டு வருடம் அங்கே எனக்கு ஒரு நம்பர்தான் சகலை. உங்களை ஆச்சி 'எங்க சேவுகன்' என்று சொன்னதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு வரி பதில் போடுங்கள்." எனக்கு மட்டும் எழுதியதில் அதற்கு அடுத்தது, "கோபமா சகலை?" எல்லாவற்றுக்கும் கடைசி மாசி பதினைந்தாம் தேதி. அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. "சரி."

அண்ணே, அந்த "சரி"யை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பலகாரம் கட்டும் பெண் ஒருத்தி என் கண்ணைப் பார்த்துவிட்டு, "எறும்பு கடிச்சுருச்சாண்ணே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த விஷயத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆச்சியிடம் சொல்லவில்லை. அன்னக்கிளியிடம் மூச்சு விடவில்லை, அது உங்கள் ரகசியம். ஆனால் நேற்று ஆச்சியிடம் போய், "வெளிநாட்டு ஆர்டரெல்லாம் என் ஒருத்தனால பாக்க முடியலை ஆச்சி. முத்தரசண்ணனைக் கூப்புட்டுப் பாக்கலாமா? ஒருவேளை வருவாக" என்றேன். ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"பக்கத்து நாற்காலியில அவரை வச்சுக்கிட்டு ஒனக்குச் சோறு எறங்குமாடா?"

"எறங்கும் ஆச்சி."

"அப்ப நீயே எழுது. நான் கூப்புட்டா வேலை. நீ கூப்புட்டாத்தான் அது மரியாதை."

அதனால் எழுதுகிறேன். நீங்களும் மதினியும் மானகிரிக்கு வந்துவிடுங்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீடு காலியாக இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கும். நான் செய்தது மன்னிக்கக் கூடியது இல்லை, இருந்தாலும் மன்னியுங்கள். மதினியிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகாது. என்னிடம் இருபத்தாறு வருடமாக இருந்த பொறாமை அந்த முப்பத்து நாலு கடிதத்தோடு கரைந்து போய்விட்டது. இனி உங்கள் பெயரைக் கேட்டால் என் மனசில் சந்தோஷம் தவிர வேறொன்றும் இல்லை என்று குன்றக்குடி முருகன் மேல் ஆணையாக எழுதுகிறேன்.

மதினிக்கு என் கும்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் ஆசீர்வாதம் உங்கள் வீட்டில் நிறையட்டும், வேண்டாத வார்த்தை ஒன்றும் உங்கள் வாசல் மிதிக்காமல் இருக்கட்டும்.

உங்கள் அன்பும் மன்னிப்பும் வேண்டி நிற்கும் சகலை,
சே. சேவுகன்

பின்குறிப்பு: இதை எழுதி மடித்து மேசையில் வைத்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அன்னக்கிளி கையில் கடிதம், மறுகையில் போன். மதினிதான் அந்தப் பக்கம். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிட்டாள், தேன்குழல் உட்பட. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் மதினிக்குத் தீபாவளியிலிருந்தே எல்லாம் தெரியுமாம். வேலை மும்முரத்தில் இருபது வருடமாக ஆபீஸிலிருந்து பாதிச் சோற்றோடு திரும்பி வந்த டிபன் பாக்ஸ், திடீரென்று பருக்கை இல்லாமல் திரும்பி வந்ததாம். அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்களாம். நீங்களாகச் சொல்லட்டும் என்று, ஒரு வார்த்தை கேட்காமல், தினமும் உங்கள் சட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டு நாலு மாதமாகக் காத்திருக்கிறார்களாம். ஆகவே என்னிடம் சொன்ன ரகசியம் ரகசியமே இல்லை, இந்தக் கடிதத்துக்கும் அவசியம் இல்லை. தபால்தலை வாங்கிவிட்டதால் அனுப்புகிறேன். போனை வைத்துவிட்டு அன்னக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "பாத்தீகளா, அத்தான் மனசு நோகக் கூடாதுன்னு அக்கா எம்புட்டுப் பக்குவமா இருந்துருக்கா!" என்றாள். எனக்கு வேலை போயிருந்தால் நீயும் இப்படி இருந்திருப்பாயா என்று கேட்டேன். "நீங்க மறைக்கத் தெரியாதவுக. அன்னைக்கே வந்து உளறியிருப்பீக" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வேலையை இழந்ததிலும் நீங்கள்தான் அண்ணே முதல். மேலே பொறாமை கரைந்துவிட்டது என்று முருகன் மேல் ஆணையாக எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு வாசிக்கவும். ஆனால் வாருங்கள்.